துணிப்பிடி

பிரிஸ்கில்லாவுக்குக் காற்றைப் பற்றி ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆனி பிறந்தால் போதும், புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் மேற்கேயிருந்து மேகாத்து எழும்பிவிடும். உழுது போட்ட காட்டுப் புழுதியெல்லாம் நேரே வீட்டுக்குள் வந்து குடியேறும். பானையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சோற்றில் நறநறப்பு இருக்கும். காயப்போட்ட சேலையைத் தேடிப் போனால் வேலிக்கருவையில் கிழிந்து தொங்கும். மழையைக் கொண்டுவருகிற காற்றாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இது திரண்டு வருகிற மேகத்தையும் கிழக்கே விரட்டிவிடுகிற காற்று.

இந்தக் காற்றைத் தேடிப் போய்க் கடலில் விளையாடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நந்தகோபால் முதலில் சொன்னபோது, ஆளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

நந்தகோபால் விளாத்திகுளத்துக்கு வெளியே ஒரு தையல் கொட்டகை நடத்தினார். அவர் அப்பா காலத்தில் அங்கே பருத்தி அரைத்தார்கள். அரவை நின்றபிறகு கொஞ்ச காலம் கொட்டகை சும்மா கிடந்தது. பிறகு தார்ப்பாய் தைத்தார், பள்ளிக்கூடப் பை தைத்தார், எதுவும் நிலைக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வந்ததுதான், அந்தக் கடல் விளையாட்டுக்கான இந்த றெக்கை வேலை. முழு றெக்கையும் இங்கே தைப்பதில்லை. கைப்பிடி மட்டும்தான்.

அந்த விளையாட்டைக் கொட்டகையில் தைக்கிற பெண்கள் நந்தகோபாலின் போனில் பார்த்திருந்தார்கள். ஆள் நிற்க ஒரு பலகை. பலகைக்கு அடியில், தண்ணீருக்குள், ஒரு தண்டு. தண்டின் நுனியில் மீன் செட்டை மாதிரித் தகடு. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். ஆள் கையில் காற்றடைத்த றெக்கை ஒன்று. அது பலகையோடு எங்கேயும் கட்டப்பட்டிருக்காது, கையால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மனுஷனுக்கும் அத்தனை காற்றுக்கும் நடுவில் இருப்பது றெக்கையின் அடியில் இருக்கிற கைப்பிடி மட்டும்தான்.

"நம்ம ஊர்ல ஒரு வேட்டிய விரிச்சுப் பிடிச்சா போதுமே, ஆள தூக்கிட்டுப் போயிருமே," என்றாள் பிரிஸ்கில்லாவுக்குப் பக்கத்து மிஷினில் உட்காருகிற மாரித்தாய். "இதுக்குப் போயி கடலுக்கு எதுக்குப் போணும்?"

கேலி கேலியாக இருந்தாலும் வேலை நல்ல வேலைதான். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. ரப்பர் மாதிரியான துணியை உள்வெளியாக மடித்துக் குழாய்போலத் தைக்க வேண்டும். பிறகு அதைப் பெருவிரலால் நெம்பி நெம்பிப் புரட்டி எடுக்க வேண்டும். புரட்டிய குழாய்க்குள் ஸ்பாஞ்சைச் சுற்றிய பட்டையைச் செருகி, இரண்டு முனையையும் அழுத்தித் தைக்க வேண்டும். புரட்டுவதுதான் பாடு. துணி விரலைக் கவ்விக்கொண்டு வராது. கொட்டகையில் பிரிஸ்கில்லா அளவுக்குச் சுருக்கமில்லாமல் புரட்ட ஆள் கிடையாது என்று நந்தகோபாலே சொல்லுவார். அந்தப் பேச்சைக் கேட்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் மனதில் இருந்தது, வலி விரலில் இருந்தது.

போன கிறிஸ்துமஸ் கழிந்து கொஞ்ச நாளில் வலது கைப் பெருவிரலில் எறும்பு ஊருவது போலத் தொடங்கியது. பிறகு பக்கத்து இரண்டு விரலுக்கும் பரவியது. உதறினால் போய்க்கொண்டிருந்தது, இப்போது உதறினாலும் போவதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாகப் புருஷனிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் அவர் நெஞ்சு. தேவஆசீர்வாதம் பாலக்காட்டுப் பக்கம் கல்குவாரியில் வருஷக்கணக்காகக் கிடந்தவர். மானாவாரிக் காடு வைத்திருக்கிற எவனும் மழை பொய்த்தால் எங்கேயாவது போகத்தான் வேண்டும். இவர் போன இடம் கல்லும் தூசியும். போன வருஷம் இருமிக்கொண்டே வந்து இறங்கினார். கோவில்பட்டி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் தூசி அடைந்திருக்கிறது, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவளுடைய கொட்டகை வேலை இருந்ததால்தான் அவரால் வீட்டில் இருக்க முடிந்தது. மகள் சுஜா நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், படிப்பு முடிய இன்னும் காலம் கிடந்தது. இவள் வேலை போனால் மறுநாளே அவர் பெட்டியைத் தூக்கிவிடுவார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் கை எறும்பாக ஊர்ந்தால் என்ன, எரிந்தால் என்ன, அவள் வாயைத் திறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் தகவல் வந்தது.

நந்தகோபால் மிஷின்களை நிறுத்தச் சொன்னார். அவர் கையில் கறுப்பாக, கம்பி மாதிரி ஒரு சாமான் இருந்தது. "இதுதான் இனிமே வருமாம்," என்றார். "கம்பிப்பிடி. அச்சுல வார்த்து வந்திரும். தையல் கிடையாது."

மாரித்தாய் வாங்கிப் பார்த்தாள். "இது சைக்கிள் ஹேண்ட்பார் மாதிரில்லா இருக்கு. ஏன் அண்ணாச்சி, நம்ம துணிப்பிடிக்கு என்ன கேடு?"

"விளையாடுதவங்க சொல்லுதாங்களாம். துணிப்பிடி வளையுதாம். காத்து இழுத்ததும் பிடி ஒரு பக்கம் கோணுது, கை ஒரு பக்கம் கோணுது. றெக்கைய இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சு, முழங்கைக்குக் கீழ வலி தாங்கலையாம். கம்பின்னா திருப்புன பக்கம் உடனே திரும்புதாம்."

"வலிச்சா விளையாடாம இருக்க வேண்டியதானே?"

"அத நீ போய்ச் சொல்லு," என்றார் நந்தகோபால். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாரும் அப்படிச் சொல்லல. பாதிப்பேருக்குத் துணிப்பிடிதான் பிடிச்சிருக்காம். மடிச்சுப் பையில வைக்கலாம், விழுந்தா நெஞ்சுல குத்தாது, பலகையில இடிக்காதுன்னு சொல்லுதாங்க. அதனால கம்பெனிக்காரன் கடைசியா ஒரு வாய்ப்பு குடுத்திருக்கான். துணிப்பிடியவே கொஞ்சம் விறைப்பா, கோணாம செஞ்சு காட்டுங்கங்கான். வேம்பார் கடக்கரையில ஒரு முகாம் இருக்குல்லா, அங்க விளையாட்டு சொல்லிக்குடுக்குற பையன் ஒருத்தன் கட்டிப் பாத்து முடிவு சொல்லுவான். அவன் நல்லாருக்குன்னுட்டா நாம பொழச்சோம்."

சொல்லிவிட்டு அவர் பார்த்தது பிரிஸ்கில்லாவைத்தான். "நீதான் செய்யணும் பிரிஸ்கில்லா. உன் கை வாக்கு வேற யாருக்கும் வராது."

அவள் தலையை ஆட்டினாள். கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது புருஷன் சமைத்து முடித்திருந்தார். குவாரியில் இருந்தபோது பழகியது. கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். மிதுக்க வத்தலைத் தனியாகப் பொரித்து வைத்திருந்தார். காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் உருட்டிய சோறு வாய்க்குப் போகுமுன் விரலிடுக்கில் உதிர்ந்தது. இரண்டாவது உருண்டையும் உதிர்ந்தது.

"விரல்ல என்னட்டி கொப்புளம்?" என்றார்.

அவள் அப்போதுதான் பார்த்தாள். பெருவிரல் ஓரத்தில் உப்பலாக ஒரு கொப்புளம். எப்போது சுட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. "குழம்புச் சட்டி பட்டுட்டு," என்றாள்.

"குழம்பு நான்லா வச்சேன்."

"காலையில, காப்பி போடயில."

அவர் வத்தலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மறைக்கிறவளுக்குப் பார்க்கிறவன் முகமெல்லாம் சந்தேகமாகத்தான் தெரியும். அவள் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. குவாரிக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி சங்கரபாண்டி.

"என்ன தேவாசீர், ஊர்லயே உக்காந்திட்ட? ஆடி பூரா வேலை கெடக்கு. வாரியா?"

"பாப்போம் அண்ணாச்சி."

"பாத்துச் சொல்லு. ஒண்ணு மட்டும், இருமல் கிருமல் இருக்கவன கூட்டியாராதீங்கன்னு குவாரிக்காரரு கண்டிசனா சொல்லிட்டாரு. போன வருசம் அந்தக் கயத்தாறு பையன் அங்கனயே செத்து, போலீசு வரைக்கும் போயிட்டு. உனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன்."

போனை வைத்ததும் அடக்கி வைத்திருந்த இருமல் வெளியே வந்தது. முதுகைத் தடவிவிட்டபடி அவள் கேட்டாள், "பாப்போம்னு எதுக்குச் சொல்லுதீய? வரலன்னு சொல்ல வேண்டியதானே?"

"போற இடம்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மனுசனுக்கு ஒரு தைரியம்."

"அங்க போனா நீங்க திரும்பி வரமாட்டீய."

"உன் வேலை இருக்க வரைக்கும் நான் எதுக்குட்டி போறேன்?" என்றார் அவர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அது அவள் நெஞ்சில் கல்லாக இறங்கியது.

மறுநாள் கொட்டகையில் மாதிரிப் பிடி செய்ய உட்கார்ந்தாள். விறைப்புக்காக உள்ளே இரண்டு பட்டையைச் சேர்த்துத் தைத்தாள், கோணாது. சுற்றிலும் ஸ்பாஞ்சு. கொட்டகையில் பிடியின் பருமனுக்கு அளவுகோல் கிடையாது. கையால் வளைத்துப் பிடித்தால் பெருவிரல் நடுவிரலின் நகத்தில் ஏறி உட்கார வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், அவள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

பெருவிரல் எங்கே உட்காருகிறது என்று இப்போது அவள் கைக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்தால் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மெல்லிசாகச் சுற்றிய பிடி கைக்குள் இருப்பதே தெரியாமல் நழுவியது. ஸ்பாஞ்சை இன்னும் ஒரு சுற்று சுற்றினாள். அப்போது பிடி உள்ளங்கை நிறைய வந்தது. விரலை மடக்காமலே கையில் தங்கியது. நிம்மதியாக இருந்தது. வலிக்கிற கைக்கு இதுதானே வேண்டும் என்று தோன்றியது. முழங்கைக்குக் கீழே வலிக்கிறது என்று அழுகிறவர்களுக்கும் இது இதமாகத்தான் இருக்கும். அவள் மனமறிந்து ஏமாற்றவில்லை. தன் கை சொன்னதை நம்பினாள்.

மாரித்தாய் வாங்கிப் பார்த்தாள். "கொஞ்சம் தடியா இல்லியா மதினி?"

"மெத்துனு இருக்கட்டும்ட்டி. இறுக்கிப் பிடிச்சுத்தான வலிக்குங்காவ."

கடலும் காற்றும் இல்லாத ஊரில் சோதிக்க நந்தகோபால் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய உத்தரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு முனையில் பிடி, மறுமுனையில் மிளகாய் வத்தல் மூட்டை. பிடியைப் பிடித்தபடி நின்றால் மூட்டை கையை மேலே இழுக்கும். ஒவ்வொருத்தியாக நின்று பார்த்தார்கள். மிளகாய் நெடியில் தும்மலும் சிரிப்புமாக இருந்தது. பிரிஸ்கில்லாவின் முறை வந்தபோது கயிற்றை இடது கையால்தான் தாங்கினாள், வலது கையைச் சும்மா பிடியின் மேலே வைத்திருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. "நல்லாருக்கு," என்றாள். எல்லாருக்கும் வேலை நிலைக்க வேண்டும் என்ற ஆசை, அதனால் எல்லாரும் நல்லாருக்கு என்றே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நந்தகோபால் வேனோடு ஊருக்கே வந்துவிட்டார். வேம்பாருக்கு அவளையும் கூட்டிப் போக வேண்டும், பையன் ஏதாவது திருத்தம் சொன்னால் செய்தவளே கேட்டுக்கொள்ளட்டும் என்றார். தேவஆசீர்வாதம் கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே வேனில் ஏறினார்.

"நீங்க எதுக்கு?" என்றாள்.

"கடலப் பாத்து நாளாச்சு."

காட்டுப் புழுதியைத் தாண்டி வேன் கிழக்கே போகப் போக, வேலிக்கருவை குறைந்து பனையும் உப்பளமும் வந்தன. வேம்பாரில் தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தது. புழுதி இல்லாத காற்றை அவள் அப்போதுதான் அனுபவித்தாள். கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஜேம்ஸ்ராஜ் என்ற அந்தப் பையன் வேம்பார்க்காரன்தான். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். இவன் முகாமில் வெளியூர்க்காரர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கிறான். மணலில் றெக்கையை விரித்துக் காற்றடித்து, கம்பிப்பிடி மாட்டிய றெக்கையோடு முதலில் போய்ச் சுற்றிவிட்டு வந்தான். அடுத்து அவளுடைய பழைய துணிப்பிடி. கடைசியாகப் புதுசு.

தான் தைத்த பிடியில் ஒரு ஆள் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலே சத்தமில்லாமல் போவதைப் பார்த்தபோது பிரிஸ்கில்லா தன்னையறியாமல் தண்ணீரை நோக்கி இரண்டடி நடந்துவிட்டாள். பெருமையா பயமா என்று சொல்ல முடியாது. நந்தகோபால் கைகட்டி நின்றார். தேவஆசீர்வாதம் கடலைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜேம்ஸ்ராஜ் புதுப் பிடியோடு அதிக நேரம் சுற்றவில்லை. கரையேறி வந்து முன்கையைப் பிசைந்துகொண்டே மணலில் உட்கார்ந்தான்.

"உள்ளதச் சொல்லட்டுமா அண்ணாச்சி?"

"சொல்லுப்பா. அதுக்குத்தான வந்திருக்கோம்."

"விறைப்பு அருமையா இருக்கு. கோணவே இல்ல. திருப்புனா கம்பி மாதிரியே திரும்புது. எனக்குன்னு கேட்டா நான் துணிப்பிடிக் கட்சிதான். போன மாசம் கம்பிப்பிடி விலாவுல இடிச்சு படுத்துக் கிடந்தேன். புதுசா படிக்க வாரவங்களுக்குக் கம்பியக் குடுக்கவே எனக்கு பயம். ஆனா வேகமா போறவங்க கம்பிய விடமாட்டாங்க. அவங்களுக்கு றெக்கை சொன்னபடி கேக்கணும். ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்துறப்ப கம்பி அசையாம நிக்கும், துணி மடங்கிக் கிடக்கும், தேடணும். ஆளாளுக்கு ஒரு ருசி. குழம்புக்கு உப்பு புளி மாதிரிதான்."

"அப்போ நம்ம பிடி?"

"தடி அண்ணாச்சி. ரொம்பத் தடி. விரல் மடங்கவே மாட்டேங்குது. இத இறுக்கிப் பிடிக்கவே கூடாது பாத்துக்கிடுங்க. விரல கொக்கி மாதிரி மாட்டிட்டுத் தொங்கணும், அப்பதான் கை ஓயாது. இது தடியா இருக்கதால நான் அமுக்கிப் பிடிக்க வேண்டியதா இருக்கு. இங்கன பாருங்க, நரம்பு எப்படி நிக்குன்னு. பழைய பிடி பருமன் நல்ல பருமன்."

நந்தகோபால் திரும்பி அவளைப் பார்த்தார். "பழைய அளவுதான பிரிஸ்கில்லா வச்ச?"

"அதே அளவுதான் அண்ணாச்சி." அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. கோபமும் வந்தது. "தம்பிக்குக் கை அசந்திருக்கும். மூணாவதா போனதுல்லா."

ஜேம்ஸ்ராஜுக்கு வருத்தமில்லை. பைக்குள்ளிருந்து மாட்டாத பிடிகள் இரண்டை எடுத்தான், பழையது ஒன்று, புதுசு ஒன்று. "அக்கா, கண்ண மூடிட்டுக் கைய நீட்டுங்க. கண்ணு பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். முகாம்ல நாங்க அப்படித்தான் சோதிப்போம். எது தடின்னு நீங்களே சொல்லுங்க."

அவள் கண்ணை மூடி வலது கையை நீட்டினாள். காற்று காதில் இரைந்தது. அலைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"குடு தம்பி," என்றாள்.

கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

"குடேன். எம்புட்டு நேரம் நீட்டிட்டு நிக்க?"

கண்ணைத் திறந்தாள். பிடி அவள் விரல்களின் மேல்தான் கிடந்தது.

ஜேம்ஸ்ராஜ் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். நந்தகோபாலுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. தேவஆசீர்வாதம் பக்கத்தில் வந்து அந்தப் பிடியை எடுத்தார். அவள் விரலைத் தொட்டு, கொப்புளம் இருந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தினார். அவள் கையை இழுக்கவில்லை. இழுக்கவேண்டும் என்று தோன்றினால்தானே.

"அண்ணாச்சி," என்றார் நந்தகோபாலிடம், "இவளுக்குக் கை செத்துக்கிட்டு இருக்கு. சோறு உருட்ட ஏலல. சுட்டாத் தெரியல. இவ சொல்லமாட்டா, நான் சொல்லுதேன். இனிமே இவ கொட்டகைக்கு வரமாட்டா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்று அவள் குறுக்கே வந்தாள். "லேசா மரப்பு. மெல்லிசாச் செஞ்சு தாரேன். நாளைக்கே செஞ்சு தாரேன்."

நந்தகோபால் கெட்ட மனுஷன் இல்லை. கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய மனுஷன். சுண்டின முகத்தோடு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா பிரிஸ்கில்லா," என்றார். "முதல்ல ஆஸ்பத்திரியப் பாரு. மாதிரிய மாரித்தாய வச்சுச் செஞ்சிருதேன். உன் விறைப்பு நிக்கட்டும், பருமன மட்டும் குறைச்சிருவோம். கை சரியானதும் பாப்போம்."

துணிப்பிடி பிழைத்துவிட்டது. கொட்டகையும் பிழைத்துவிட்டது. மாரித்தாய்க்கு வேலை இருக்கும். அவள் கண்டுபிடித்த இரட்டைப் பட்டை உலகத்துக் கடலிலெல்லாம் போகும். அவள் மட்டும் போகமாட்டாள்.

றெக்கைகளை முகாமில் சேர்க்க வேண்டியிருந்ததால் வேன் நின்றது. காத்திருந்து நந்தகோபாலோடு போக அவளுக்கு மனமில்லை. பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். புருஷன் பின்னாலேயே வந்தார். பஸ் நிறுத்தத்தில் ஒரு புளியமரம், அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. கடைக்காரர் கொடுத்த டீயை அவள் இடது கையால் வாங்கினாள்.

"என் வேலையக் கெடுத்திட்டீயளே," என்றாள். குரல் உடைந்தது. "உங்களுக்காகத்தான மூடி மூடி வச்சேன். சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீய. அங்க போயி தூசியத் தின்னு செத்திருப்பீய. அத நான் எந்தக் கையால தாங்க?"

"அதுக்காக நீ கைய இழக்கணுமோ?"

"கை போனா ஆளு இருப்பேன்லா."

அவர் டீக்கிளாசைக் கீழே வைத்தார்.

அவளுக்கு நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. எங்கேயோ குளிர்ந்த ஊரில், விளையாடப் போன ஒருத்தனுக்கு முழங்கைக்குக் கீழே வலித்தால், அந்த வலி கடல் தாண்டி விளாத்திகுளம் வரைக்கும் வந்து சேருகிறது. மிஷினை நிறுத்தச் சொல்கிறது. பட்டையை மாற்றச் சொல்கிறது. அவள் கையின் வலி அவள் வீட்டு அடுப்படி வரைக்கும்கூடப் போகவில்லை. போகவிடாமல் வாசலை மறித்து நின்றது அவளேதான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காற்றைத் திட்டினாள், வாய்க்குள்ளேயே.

தேவஆசீர்வாதம் போனை எடுத்தார். யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, நான்தான். எப்பக் கெளம்புதீய? ஆமா, வாரேன். வேற என்ன செய்ய, வாரேன்."

அவள் டீயைக் கொட்டினாளா வைத்தாளா என்று பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. இடது கையால் அவர் காதிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அண்ணாச்சி, நான் பிரிஸ்கில்லா பேசுதேன். அவியளுக்கு நெஞ்சுல தூசி அடைச்சுக் கெடக்கு. கோவில்பட்டி டாக்டரு படம் எடுத்துப் பாத்துச் சொல்லிட்டாவ. போன தடவையும் இருமலோடதான் உங்ககிட்ட வேலை பாத்தாவ. உங்ககிட்ட மறைச்சிட்டாவ. நீங்க வேற ஆளு பாத்துக்கிடுங்க."

"ஏட்டி," என்று அவர் கையை நீட்டினார். அவள் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

"நல்லவேளை சொன்ன தாயி," என்றார் சங்கரபாண்டி. "ரெண்டாவது ஒருத்தன அங்கனருந்து பொட்டியில கொண்டுவர எனக்குத் தெம்பில்ல. இனி அவன கூப்பிட மாட்டேன்." போன் நின்றது.

தேவஆசீர்வாதம் பெஞ்சில் உட்கார்ந்தார். கோபப்படக்கூட அவரிடம் மூச்சு மிச்சமில்லை. "இனி எவனும் என்னச் சேக்கமாட்டான்," என்றார். "ஒரே வார்த்தையில கெடுத்திட்டியேட்டி."

"நீங்க மட்டும் கெடுக்கலியாக்கும்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று திரும்பிக்கொண்டார். தேவஆசீர்வாதத்துக்கு இருமல் வந்தது. இந்தத் தடவை அவர் அடக்கவில்லை. வருகிறவரைக்கும் வரட்டும் என்று இருமினார். அவளும் மரத்த கையை மடியில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தாள். மறைக்க ஆள் இல்லாமல் போனதில் ஒரு களைப்பு இருந்தது. சுமையை இறக்கி வைத்தபிறகுதானே கழுத்து வலிக்கத் தொடங்கும்.

பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். படியில் ஏறப்போனவள் வழக்கம்போல வலது கையைக் கம்பிக்கு நீட்டினாள். அவர் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டு, தோளைப் பிடித்து அவளை மேலே ஏற்றினார். அந்த ஒரு படிக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு பெண் எழுந்து இடம்விட, அவள் உட்காராமல் அவரை உட்காரவைத்தாள்.

கண்டக்டர் வந்தார். "எங்க?"

"கோவில்பட்டி ரெண்டு," என்றார் தேவஆசீர்வாதம்.

"கோவில்பட்டிக்கு எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா. யாரு இருப்பா?" என்றாள். கண்டக்டரிடம் திரும்பி, "விளாத்திகுளம் ரெண்டு குடுங்க, அங்கன ஊருக்கு வண்டி மாறிக்கிடுதோம்," என்றாள். பிறகு புருஷனிடம் சொன்னாள், "நாளைக்குப் போவோம். உங்களுக்கும் சேத்துக் காட்டிட்டு வருவோம்."

"நாளைக்கா?"

"ஆமா. நாளைக்குத்தான் ரெண்டு பேருக்கும் வேலை இல்லையே."